தடுப்பு மருந்து கொடுத்தும் கோழி சாகிறது: வெள்ளைக்கழிச்சல்தானா?

மணப்பாறை_சேவல் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மனசு நொந்து எழுதுகிறேன். என்னிடம் 62 நாட்டுக்கோழிகள் இருந்தன. ஐந்து மாத வயது, பெட்டைகள் இப்போதுதான் முட்டைக்கு வருகின்றன. சனிக்கிழமை காலையிலிருந்து இன்று சாயங்காலம் வரை 19 போய்விட்டன. கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாக இருக்கிறது. சில கோழிகள் இரவு நன்றாக இரை எடுத்துவிட்டுப் படுக்கின்றன, காலையில் கூட்டுக்குள் செத்துக் கிடக்கின்றன. கொண்டை கருநீலமாகிவிடுகிறது. இரண்டு சேவல்களுக்குத் தாடி வீங்கியிருக்கிறது.

நான் தடுப்பு மருந்து கொடுக்காதவன் இல்லை. குஞ்சாக இருந்தபோது ஏழாம் நாள் கண்ணில் சொட்டு விட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை வாங்கி வந்து தண்ணீரிலும் கலந்து கொடுத்தேன். அப்படியும் வெள்ளைக்கழிச்சல் வருகிறது என்றால் மருந்தே போலியா?

இன்று காலை செத்ததில் ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். வழியில் வேறு வேலை இருந்ததால் போய்ச்சேர மூன்று மணி ஆகிவிட்டது. பையைத் திறந்து பார்த்துவிட்டு, "அழுகிவிட்டது, இதில் ஒன்றும் பார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையில் கேட்டு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆன்டிபயாடிக் பவுடர் தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன். நாளை நானே ஒரு கோழியை அறுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

மாட்டாஸ்பத்திரி_ஓய்வு | செவ்வாய், இரவு 10.15

தம்பி, முதலில் ஒன்று. அறுக்காதீர்கள். தயவுசெய்து அறுக்காதீர்கள்.

நீங்கள் சொல்கிற திடீர்ச் சாவு, கருநீலக் கொண்டை, வீங்கிய தாடி மூன்றும் மூன்று நோய்களில் வரும். ஒன்று வெள்ளைக்கழிச்சல். இரண்டாவது பாக்டீரியாவால் வரும் கோழிக் காலரா. மூன்றாவது பறவைக் காய்ச்சல். மூன்றாவது இல்லை என்று தெரியும்வரை வீட்டில் வைத்துக் கோழியைத் திறக்கக் கூடாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில்தான் நம் நாட்டில் முதன்முதலாக எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் உறுதியானது. அப்புறம் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் 2014-இல் வாத்துகளில் வந்தது, அதன் பிறகும் அங்கே பலமுறை வந்துவிட்டது. உங்கள் ஊரில் அது வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல உங்களிடமும் என்னிடமும் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

காலையில் முதல் வேலையாக உங்கள் கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்து "நான்கு நாளில் 62-இல் 19 செத்திருக்கிறது" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். "கோழிக்குச் சீக்கு" என்றால் மாத்திரை எழுதித் தருவார்கள். எண்ணிக்கையைச் சொன்னால் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அவர்களுக்கும் தகவல் போகும்.

அதுவரைக்கும் ஒரு கோழிகூட வெளியே போகக் கூடாது. விற்கவும் வேண்டாம், அறுத்துச் சாப்பிடவும் வேண்டாம், சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் வேண்டாம். செத்ததை ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கையில் உறை, மூக்கில் துணி கட்டாமல் தொடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டுப் பக்கம் விடாதீர்கள்.

பஞ்சாரம் | செவ்வாய், இரவு 10.50

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் சிவகங்கைப் பக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் வீட்டுக்கு ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுத்தோம். சீக்கு வந்த பிறகு எதுவும் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் தெருவாகச் சேர்ந்து மருந்து போட ஆரம்பித்தோம்.

நீங்கள் தண்ணீரில் எப்படிக் கலந்தீர்கள் என்று சொல்லுங்களேன். எந்தத் தண்ணீர், எத்தனை மணிக்கு?

மணப்பாறை_சேவல் | செவ்வாய், இரவு 11.05

டாக்டர் ஐயா, அறுக்க மாட்டேன். காலையில் போன் செய்கிறேன்.

அக்கா, மருந்துக்கடையில் குப்பி வாங்கினேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தேன், முக்கால் மணி நேரம் ஆகும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் 10 லிட்டர் பிடித்து, குப்பியைக் கலந்து நான்கு தட்டில் ஊற்றி வைத்தேன். அப்போது மணி பதினொன்று இருக்கும். சாயங்காலம் பார்த்தபோது பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

நாமக்கல்_ஷெட் | புதன், காலை 5.30

நண்பரே, நான் முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். மனசைப் புண்படுத்தச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் எழுதியதில் மருந்து முழுதாகப் பிழைத்திருக்க வழியே இல்லை.

லசோட்டா உயிருள்ள வைரஸ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சட்டைப் பையில் முக்கால் மணி நேரம் என்றால் உங்கள் உடம்புச் சூடும் வெயிலும் சேர்ந்து கொஞ்சத்தைக் கொன்றிருக்கும். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கொன்றிருக்கும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லத்தான் போடுகிறார்கள், தடுப்பு மருந்தில் இருக்கிற வைரஸை மட்டும் அது விட்டுவைக்காது.

அப்புறம் அளவு. வளர்ந்த கோழிக்குத் தலைக்கு 40 மில்லி என்று கணக்கு. 62 கோழிக்கு இரண்டரை லிட்டர் போதும். நீங்கள் 10 லிட்டரில் கலந்தீர்கள். வெளியே மேய்கிற கோழி குட்டையிலும் குடித்திருக்கும், எந்தக் கோழி மருந்தைக் குடித்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கலந்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும்.

நாங்கள் செய்வது இப்படி. விடிவதற்கு முன் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவோம், கோழி ஒன்றிரண்டு மணி நேரம் தாகமாக இருக்கும். குளோரின் போடாத தண்ணீரில் லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலந்து அரை மணி நேரம் விடுவோம், அதற்கப்புறம்தான் மருந்து. நீல நிறச் சாயமும் சேர்ப்போம். குடித்த கோழியின் நாக்கு நீலமாக இருக்கும். ஷெட்டின் நான்கு மூலையிலும் பிடித்து வாயைத் திறந்து பார்ப்போம், நாக்கு நீலமாக இல்லாத கோழி அதிகம் இருந்தால் அன்றைய வேலை சரியில்லை என்று அர்த்தம். தகரப் பாத்திரமும் வேண்டாம், பிளாஸ்டிக்தான் நல்லது.

60 கோழிக்கு நான் தண்ணீர் முறையே சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணில் சொட்டு விடுங்கள்.

ஆய்வக_மேசை | புதன், காலை 7.10

நான் ஒரு கால்நடை நோய் ஆய்வகத்தில் மாதிரி வாங்கும் மேசையில் பல வருடம் இருந்தவன். மணப்பாறை அண்ணன் பட்ட கோபம் எனக்குத் தெரியும், அந்த மேசையின் இந்தப் பக்கம் நின்று அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். இருபது முப்பது மைல் வந்தவரிடம் "இது வேண்டாம்" என்று சொல்வது எங்களுக்கும் வலிக்கும். ஆனால் கோழி செத்ததும் குடலில் இருக்கும் கிருமிகள் ஈரலுக்கும் இரத்தத்துக்கும் ஏறிவிடும். நம் வெயிலில், அதுவும் பாலித்தீன் பைக்குள், சில மணி நேரத்தில் எல்லாம் பச்சை பாய்ந்துவிடும். அப்போது எந்தக் கிருமி கொன்றது, எது பிறகு வந்தது என்று பிரிக்க முடியாது.

ஆகவே கொண்டுவர வேண்டியது உயிரோடு இருக்கும் சீக்குக் கோழி. நன்றாக இருப்பது வேண்டாம், பழைய நொண்டிக் கோழியும் வேண்டாம். இப்போது ஓடுகிற இதே அறிகுறி உள்ளது, மூன்று நான்கு இருந்தால் நல்லது. அதோடு அப்போதுதான் செத்தது ஒன்றிரண்டு. செத்ததை இரண்டு பையில் கட்டி, தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்பலாம். ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கிவிடாதீர்கள், உறைந்தால் திசு உடைந்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது.

ஆன்டிபயாடிக் கொடுத்த கோழியில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது கஷ்டம். மருந்து கொடுக்காத கோழி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அதுதான் தங்கம்.

எந்த நோயைச் சந்தேகப்படுகிறோமோ அதற்கேற்ற மாதிரி வேண்டும், எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால் எல்லாமே வீண். வைரஸுக்கு மூளை, மூச்சுக்குழாய், நுரையீரல், மண்ணீரல் ஆகியவற்றைத் தனித்தனியாக ஐஸில் அனுப்ப வேண்டும். தொண்டையிலும் கழிவாயிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து, அதற்கென்று உள்ள திரவத்தில் போட வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனைக்கு மரக்குச்சி வேண்டாம், செயற்கை இழைக் குச்சிதான். திசுவைச் சீவிப் பார்ப்பதற்கு, அது கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவம், துண்டு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது, ஃபார்மலின் திசுவைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். இதை மட்டும் ஐஸில் வைக்கவே கூடாது. ஃபார்மலினில் போட்டதில் கிருமியை வளர்க்க முடியாது, கிருமிக்கு வந்ததில் திசுவை அப்படியே பார்க்க முடியாது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு வந்த மாதிரிகளை எத்தனையோ முறை வருத்தத்தோடு ஓரமாக வைத்திருக்கிறேன். இவை உங்கள் கால்நடை மருத்துவர் எடுக்க வேண்டியவை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் கேட்க முடியும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விஷத் தீனி என்று சந்தேகம் இருந்தால் தீனிப்பையில் இருப்பதும் ஈரலும் தீனியும் எந்த மருந்தும் சேர்க்காமல் வர வேண்டும். பூஞ்சைத் தீனியைப் பாலித்தீனில் கட்டாதீர்கள், காகிதப் பையில் போடுங்கள். பாலித்தீனில் வேர்த்து வழியிலேயே இன்னும் பூசணம் பிடிக்கும்.

கடைசியாக ஒரு தாள். மொத்தம் எத்தனை, எந்த வயது, எந்தத் தேதியில் முதல் சாவு, தினம் எத்தனை, என்ன தடுப்பு மருந்து எந்தத் தேதியில் எப்படிக் கொடுத்தது, இப்போது என்ன மருந்து ஓடுகிறது. டப்பாவில் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். அந்த ஒரு தாள் இல்லாமல் வந்த கோழியைப் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பது போலத்தான்.

மணப்பாறை_சேவல் | புதன், மதியம் 1.20

காலையில் மருந்தகத்துக்குப் போன் செய்தேன். டாக்டர் பதினொரு மணிக்கே வந்துவிட்டார். முழு உறை போட்டுக்கொண்டு தொண்டையிலும் கழிவாயிலும் குச்சி விட்டு எடுத்தார். பின்னால் தனிக் கூண்டில் எட்டுக் கோழிகள் விட்டிருந்தேன், அவற்றுக்குப் பவுடர் தண்ணீர் வைக்கவில்லை. அதில் ஒன்று இன்று காலையில் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. ஆய்வக நண்பர் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன், அதையும் இன்னும் இரண்டு சீக்குக் கோழிகளையும் உயிரோடு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்குச் செத்த ஒன்று ஐஸில். தாளில் எல்லாத் தேதியும் எழுதினேன். எழுதும்போதுதான் தெரிந்தது, ஏழாம் நாள் சொட்டுக்கும் மூன்று வாரம் முன்னால் கொடுத்ததற்கும் நடுவில் நான் ஒன்றுமே கொடுக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரி_ஓய்வு | புதன், மாலை 6.00

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி.

நடுவில் விட்டது பெரிய விடுபடல். குஞ்சில் விடும் எஃப்1 அல்லது லசோட்டா மென்மையான ரகம், அதன் காவல் நெடுநாள் நிற்காது. தாயிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குஞ்சின் உடம்பில் இருந்தால், அது மருந்தையே கொஞ்சம் அடக்கிவிடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆர்2பி என்ற கொஞ்சம் வலுவான ரகத்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறோம். முன்பு எஃப்1 போன்ற மென்மையான மருந்து படாத குஞ்சுக்கு நேராக ஆர்2பி போடக் கூடாது, நோயே வந்துவிடலாம். ஊசி போடும்போது மருந்து உங்கள் கண்ணில் தெறித்தால் கண் சிவந்து நீர் வடியும், உடனே கழுவிவிடுங்கள்.

பலர் குழப்பிக்கொள்கிற ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சலை ராணிக்கெட் நோய் என்று சொல்வது உத்தராகண்டில் குமாவுன் மலையில் இருக்கும் ராணிக்கெட் ஊரின் பெயரால். 1920-களின் கடைசியில் அங்கே கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் நியூகாசிலில் 1926-இல் பார்த்ததும் இதே நோய்தான். நம் ராணிப்பேட்டைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ராணிப்பேட்டையில் இருப்பது நோயைத் தடுக்கும் மருந்து செய்யும் அரசு நிலையம், 1932-இல் தொடங்கியது. "ராணிப்பேட்டையில் இருந்து வந்த நோய்" என்று சொல்லி ஊசியையே வேண்டாம் என்ற ஒரு பாட்டியை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். அவரைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தேன். அது வீணான நேரம் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

மணப்பாறை_சேவல் | வெள்ளி, இரவு 8.30

முடிவு வந்துவிட்டது. கை நடுங்குகிறது, ஆனால் கொஞ்சம் நிம்மதியும் இருக்கிறது.

பறவைக் காய்ச்சல் இல்லை. அது இல்லை என்று உறுதியான பிறகுதான் கோழியைத் திறந்தார்களாம். வெள்ளைக்கழிச்சலும் இல்லை! கோழிக் காலரா. இதய இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தபோதே இரண்டு முனையிலும் கறுத்த கிருமி தெரிந்ததாம். ஈரலில் ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளிகள். பவுடர் தண்ணீர் குடிக்காத அந்தப் பின்கூண்டுக் கோழியிலிருந்துதான் கிருமியை வளர்த்து எடுத்திருக்கிறார்கள். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுத்த பவுடர் அந்தப் பட்டியலில் இல்லை. புது மருந்து தொடங்கிவிட்டேன். நேற்றும் இன்றும் சேர்த்து ஒரே ஒரு கோழிதான் செத்தது.

டாக்டர் தீனி மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். கீழே எலி வளை. எலி, பூனை வழியாகவும் இது வரும் என்றார். செத்த கோழியை வாய்க்காலில் எறிகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, நானும் முதல் இரண்டை அப்படித்தான் எறிந்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்படியானால் லசோட்டா வேலை செய்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? மருந்து போலி என்று எழுதியதற்கு வருந்துகிறேன்.

ஆய்வக_மேசை | வெள்ளி, இரவு 9.05

கிருமி கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அண்ணா, அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் உங்கள் கூட்டுக்கு இந்த முறை வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். வந்திருந்தால் தாங்கியிருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கும் சோதனை இருக்கிறது.

தேறிய பிறகு, பத்துக் கோழிகளின் இறக்கை நரம்பில் ஒன்று அல்லது இரண்டு மில்லி இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். குழாயைச் சாய்த்து வைத்து நிழலில் அப்படியே உறைய விட வேண்டும், குலுக்கக் கூடாது, உடனே ஐஸில் திணிக்கவும் கூடாது. உறைந்து மேலே தெளிகிற சீரத்தை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிய பிறகுதான் குளிர்ப்பெட்டி. இரத்தத்தோடு வண்டியில் குலுங்கி வந்தால் சிவப்பு கரைந்து சோதனை கெட்டுவிடும். எதிர்ப்புச் சக்தியை அளக்க எச்.ஐ என்று ஒரு சோதனை செய்வார்கள். வழக்கமாக 16 மடங்கு கரைத்த பிறகும் சீரம் வேலை செய்தால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

மாட்டாஸ்பத்திரி_ஓய்வு | வெள்ளி, இரவு 9.40

ஆய்வகத் தம்பி சொன்னதைச் செய்யுங்கள்.

எனக்கு இந்தக் கோழிக் காலரா மேல் தனிப் பற்று உண்டு. 1879, 80-இல் லூயி பாஸ்டர் இந்தக் கிருமியை வைத்துத்தான் ஆய்வகத்திலேயே கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்து ஆக்கலாம் என்று முதலில் காட்டினார். பழைய வளர்ப்பில் இருந்த கிருமியைப் போட்ட கோழிகள் சாகவில்லை, அப்புறம் வலுவான கிருமியைப் போட்டும் தாங்கின. இன்று மனிதர்களுக்குப் போடும் எத்தனையோ தடுப்பு மருந்துகளுக்கு வழி திறந்தது அந்தக் கோழிகள்தான்.

மணப்பாறை_சேவல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

இரத்தச் சோதனை முடிவு வந்தது. பத்தில் நான்கு கோழிகளுக்குத்தான் 16-க்கு மேல் இருக்கிறது. ஆறு கோழிகள் வெறுங்கையோடு நிற்கின்றன. நாமக்கல் நண்பர் சொன்னது அப்படியே சரி. வெள்ளைக்கழிச்சல் வந்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும்.

இப்போது 36 கோழிகள் இருக்கின்றன. ஒரு குப்பியில் 100 டோஸ். திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். பஞ்சாரம் அக்கா, நீங்கள் தெருவாகச் சேர்ந்து போடுவது எப்படி?

பஞ்சாரம் | ஞாயிறு, மாலை

எங்கள் தெருவில் பதினொரு வீடு. முதல் நாள் இரவே கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிடுவோம், விடிந்து திறந்துவிட்டால் பிடிக்க முடியாது. ஐந்தரை மணிக்கு இரண்டு பேர் கிளம்புவோம். ஒருத்தி பிடிப்பாள், ஒருத்தி சொட்டு விடுவாள். குப்பி ஐஸ் டப்பாவில், ஈரத்துணி சுற்றி. சொட்டு கண்ணுக்குள் போய்க் கோழி இமைக்கும் வரை பிடியை விடக் கூடாது, உடனே விட்டால் தலையை உதறிவிடும். ஏழரைக்குள் எல்லா வீடும் முடிந்துவிடும். சீக்குக் கோழிக்குப் போட மாட்டோம். ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவோம். எந்த வீடு, எத்தனை கோழி, என்ன தேதி என்று என் மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சில அத்தைமார்கள் முட்டை நின்றுவிடும் என்று முட்டையிடும் கோழியை ஒளித்து வைப்பார்கள். வருகிற கோழிக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அடுத்த முறை அவர்களே தூக்கி வருகிறார்கள்.

மாட்டாஸ்பத்திரி_ஓய்வு | ஞாயிறு, இரவு

முட்டையிடத் தொடங்கிய பெட்டைக்கு ஆர்2பி வேண்டாம் தம்பி, சில நாள் முட்டை குறையும் என்பது உண்மைதான். லசோட்டாவைக் கண்ணில் விடுங்கள். அடுத்த குஞ்சுகளுக்கு எட்டு வாரத்தில் ஆர்2பி. மருந்தகத்தில் சனிக்கிழமை போடுகிறார்களா என்று கேளுங்கள், பிப்ரவரித் தடுப்பூசி முகாமையும் விட்டுவிடாதீர்கள். சூடு தாங்கும் டி58 ரகத்தைத் தீவனக் குருணையில் சேர்த்து நம் கால்நடைப் பல்கலைக்கழகம் ஒரு மருந்து உருவாக்கியிருக்கிறது, அது கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

மணப்பாறை_சேவல் | திங்கள், இரவு

தெருவில் பேசிவிட்டேன். ஏழு வீடு, 94 கோழி. சனிக்கிழமை விடியற்காலை. மருந்து வாங்கப் போகும்போது எடுத்துப் போக மீன்கடைக்காரரிடம் தெர்மாக்கோல் பெட்டி வாங்கிக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். எலி வளையை அடைத்தாயிற்று, தீனி மூட்டை இப்போது பலகை மேல்.